ஏசி ஓடிக்கொண்டிருந்த கார்

சித்திரை வெயிலில் நானும் மாமியாரும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தோம். கார் ஓட்டி வந்த என் கணவர், "கூட்டமா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க. நான் செத்த கண்ணசர்றேன்" என்று சொல்லி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் ஏசியில் படுத்துவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோதும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தும் அவர் அசையவில்லை. பக்கத்துப் பூக்கடைக்காரர்தான் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தார்.

சைலன்சரில் விரிசல் இருந்திருக்கிறது. அதன் வழியே நச்சு வாயு காருக்குள் கசிந்திருக்கிறது. அதற்கு வாசனையே கிடையாது என்றார் டாக்டர். உயிர் பிழைத்தார், மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. சோறு ஊட்டும்போது, "நீங்க யாருங்க?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்கிறார். இனித் தேறமாட்டார் என்கிறார்கள்.

இப்போதெல்லாம் எஞ்சின் ஓடும் காருக்குள் யாராவது கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினால், தட்டி எழுப்பிவிடுகிறேன். போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒருவரை எழுப்பி, "எஞ்சினை அணைச்சுட்டுக் கண்ணாடிய இறக்கிவிட்டுத் தூங்குங்க தம்பி" என்றேன்.

"ஒங்களுக்கு வேற வேலை இல்லியாம்மா?" என்றவர், மறுபடியும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.