நான் சொன்ன ஸ்தோத்திரம்

இறையியல் கல்லூரியை முடித்த கையோடு, வெளிநாட்டுச் சபை ஒன்றில் ஓராண்டு ஊழியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். முடிவு வரும்வரை எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பதுதான் வேலை. மனசு மட்டும் போனிலேயே இருந்தது.

அன்று மேரியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்த அவர் கணவர், இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். மறுநாள் சேலத்தில் ஆபரேஷன். அக்கா கண்ணை மூடி அழுது ஜெபித்துக்கொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெப நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மெல்ல எடுத்துப் பார்த்தேன். என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்!

"இயேசப்பா, எங்க ஊட்டுக்காரரை நடக்க வைங்கப்பா" என்று அக்கா கேட்ட அதே நொடியில், "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன்.

ஜெபம் முடிந்தபோது அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. "ஏனுங்க பிரதர், இவரு நடப்பாருன்னு ஆண்டவர் உங்களுக்குக் காட்டிட்டாருங்களா?"

போனை அவசரமாகச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். கட்டிலில் இருந்தவர்தான் பேசினார். அவர் கண்ணை மூடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பிரதருக்குப் போன்ல ஏதோ நல்ல சேதி வந்துருக்குது, புள்ள. நொம்ப நாளாக் காத்திருந்தாராட்டம் தெரியுது. நமக்கும் வரும்."

அவர் குரலில் குத்தலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து மறுபடி ஜெபித்தேன், கண்ணைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே.

இப்போது அவர் கோலூன்றி நடக்கிறாராம். நான் பயிற்சிக்கு வந்து ஆறு மாதமாகிறது. நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது ஏன் கண்ணை மூடுவதில்லை என்று இங்கே கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.