பேர் வெட்டாத ஸ்பூன்

"ஃபேனை நிறுத்துங்க" என்று பவதாரிணி சொன்னால் அந்த வீட்டில் மணி ஏழு. மே மாதத்து மதுரை விளாங்குடியில் ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அவள் கணவர் விக்ரம் மறுபேச்சில்லாமல் எழுந்து ஸ்விட்சைத் தட்டிவிட்டு, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு எதிரே போய் நிற்பார். ஃபேன் ஓடினால் கேக் மேல் தூவிய சர்க்கரைத் தூள் பறக்கும். ஓடாவிட்டால் கிரீம் உருகும். அது உருகி வழிவதற்குள் படம் எடுக்க அவளுக்குக் கிடைப்பது நாலே நிமிடம்.

"லேசாச் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். அம்புட்டுத்தேன். மூச்சு விடாதீங்க."

"மூச்சுக்கும் படத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

"அட்டை ஆடுதுல்ல."

ஆடத்தான் செய்கிறது. பத்து மணிக்கு வங்கியில் மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நிற்கிற மனிதர், ஏழு மணிக்கு ஒரு கேக் முன்னால் மூச்சைப் பிடித்து நிற்கிறார். கேக் நன்றாக வந்தால் அவளுக்கு நல்ல பெயர், படம் ஆடினால் திட்டு அவருக்கு.

பவதாரிணிக்கு வயது முப்பத்தாறு. பத்து வருடம் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் டி.சி. எழுதிக்கொண்டும் பஸ் பாஸுக்குச் சீல் குத்திக்கொண்டும் இருந்தவள். உடன் வேலை பார்த்தவளின் பிறந்த நாளுக்கு ஒரு கேக் செய்து, கொண்டுபோகும் முன் ஜன்னலோரம் வைத்து ஒரு படம் எடுத்தாள். "கேக் நல்லாருக்குன்னு ஒருத்தர்கூடச் சொல்லலைங்க. படம் நல்லாருக்குன்னு அத்தனை பேரும் சொன்னாங்க" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்ததோடு விடவில்லை, போன செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டாள். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஜூன் ஒன்றாம் தேதி வரை அவளுடைய நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க மாட்டேன் என்றார். அதற்குள் ஒரு கடையாவது தன்னை நம்பி முழு வேலையும் தர வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் டி.சி.தான். விக்ரமிடம் அப்படித்தான் பேச்சு.

கற்றுக்கொள்ளும் இடம் படுக்கையறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டால் அது ஸ்டூடியோ. பழைய அலமாரிக் கதவு ஒன்று, ஒரு பக்கம் சாம்பல் நிறமும் மறுபக்கம் கரும்பச்சையும் பூசப்பட்டு, மேசையாகவும் பின்னணியாகவும் மாறி மாறி உழைக்கிறது. சீவிய பாதாமை ஒவ்வொன்றாக நட்டு வைப்பது புருவம் திருத்துகிற இடுக்கியால். காமிரா, அவளுடைய போன்தான். வாத்தியார் யாரும் கிடையாது. இலவச வீடியோக்களும் ஒரு நாற்பது பக்க நோட்டும் உண்டு. நோட்டில் தினம் ஒரு தப்பு எழுதப்படும். "செர்ரி மேல் பளபளப்புக்குத் தடவின எண்ணெய் ஜாஸ்தி. பழத்துக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு." இன்னொரு பக்கத்தில், "கேக்கைப் பார்க்கச் சொன்னா எல்லாரும் டவலைப் பார்க்கிறாங்க. டவலைத் தூக்கு." தன்னைத் தானே இப்படித் திட்டிக்கொள்கிறவளை வேறு யாரும் திட்டத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை, அவளுக்கு இனிப்பே பிடிக்காது. மாங்காய் ஊறுகாய் இருந்தால் போதும். படம் முடிந்த கேக்கில் பாதி பக்கத்து வீட்டுச் சங்கிலி அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். போன தட்டு வெறுமனே திரும்பி வராது. முருங்கைக் கீரையோ நாலு எலுமிச்சையோ, எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ அதில் இருக்கும். அப்படிப் போவதும் வருவதுமாக, எந்தத் தட்டு யார் வீட்டுத் தட்டு, எந்த ஸ்பூன் யார் வீட்டு ஸ்பூன் என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்தே போனது.

கே.கே. நகரில் ஜெயபாண்டி என்பவர் புதிதாக ஒரு டெஸர்ட் கடை திறக்கிறார். மெனு கார்டுக்கு இருபத்து நாலு படம் வேண்டும். முதல் பக்கத்துக்கு ஒன்று எடுத்து அனுப்புங்கள், பிடித்தால் மற்றதும் உங்களுக்கே என்றிருந்தார். மே இருபத்தாறாம் தேதி அவள் கருப்பட்டி புட்டிங் செய்து, அது லேசாக நடுங்கி நிற்க, ஓரத்தில் ஒரு ஸ்பூன் செருகி எடுத்து அனுப்பினாள். சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வந்தது.

"படம் அருமையா இருக்குத் தங்கச்சி. ஆனா ஒண்ணு கேக்கணும். யாரும்மா அது சங்கிலி?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்பூனின் காம்பில், அவள் இரண்டு மணி நேரம் பாடுபட்டு வரவழைத்த வெளிச்சத்தில், எழுத்தெண்ணிப் படிக்கும்படி இருந்தது: மு. சங்கிலி 9-6-11.

நம் வீடுகளில் பேர் வெட்டாத பாத்திரம் ஏது? பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, நம் கண்ணுக்கு அது எழுத்தாகவே தெரிவதில்லை. செர்ரியில் ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டுபிடிக்கிறவள், ஒரு முழு ஆளின் பெயரைத் தவறவிட்டாள்.

"நாளைக்குக் காலையில வேற அனுப்பிடுறேண்ணே."

"முதல் பக்கம் நாளைக்குப் பதினோரு மணிக்கு பிரிண்டுக்குப் போவுது. முடியலைன்னா விட்ருங்கம்மா, பரவாயில்ல. கோயம்புத்தூர்ல ஒரு ஆளு இருக்காரு."

அந்தப் 'பரவாயில்ல'தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆப்பில் அழித்துவிடலாமே என்றார் விக்ரம். அழித்துப் பார்த்தாள். பெயர் போனது, கூடவே பளபளப்பும் போனது. ஸ்பூன் சாந்து பூசின மாதிரி ஆகிவிட்டது. வீட்டிலிருந்த ஸ்பூனையெல்லாம் தரையில் கொட்டினாள். அப்பா பெயர், மாமனார் பெயர், யாரோ ஒரு அருள்பாண்டியின் காதணி விழா. பெயரில்லாத ஒன்று கிடைக்கவில்லை. பர்ஸை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்கு பஸ் ஏறினாள்.

பாத்திரக் கடைக்காரர் ஸ்பூனைத் துடைத்தார், பேர் வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டே, "என்ன பேரும்மா?" என்றார்.

"பேரு வேண்டாம்ணே."

"காசு கிடையாதும்மா. ஃப்ரீதான்."

"ஃப்ரீன்னாலும் வேண்டாம்."

"பேர் போடாமக் குடுத்தா எவன் வீட்லயாவது போய்ச் சேந்துரும்மா!"

மெஷின் முனை ஸ்பூனைத் தொடுவதற்குள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள். இருட்டுவதற்குள் மூன்று கிண்ணம் புட்டிங் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

மறுநாள் ஏழு மணி. ஃபேன் நின்றது. முதல் புட்டிங் கிண்ணத்திலிருந்து கவிழ்க்கும்போதே விரிசல் விட்டது. இரண்டாவது ஒழுங்காக நின்றது. ஆனால் புது ஸ்பூன் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருந்ததால் அதற்குள் மெரூன் நைட்டியில் ஒரு பவதாரிணி போனும் கையுமாகத் தெரிந்தாள். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, நாலு நிமிடம் தாண்டிவிட்டது. புட்டிங் இடுப்பொடிந்து உட்கார்ந்தது. மிச்சம் ஒன்று.

விக்ரம் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கொடியில் கிடந்த அவருடைய வெள்ளை வேட்டியை உருவி, தலையோடு போர்த்திக்கொண்டு, போனுக்கு மட்டும் நடுவில் கத்தரியால் ஓர் ஓட்டை போட்டாள்.

"அடியே, அது கல்யாண வேட்டி!"

"தெரியும். மூச்சு விடாதீங்க."

கடைசிப் புட்டிங்கைக் கவிழ்த்து ஸ்பூனைச் செருகினாள். வேட்டியின் வெள்ளை ஸ்பூனில் விழுந்தது. மெரூன் மறைந்தது. காம்பின் நுனியிலிருந்து வெளிச்சம் ஒரே கோடாக இறங்கிப் புட்டிங்கைத் தொட்டது. ஆறு படம் எடுத்தாள். நாலாவதைப் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். நோட்டில் எழுத அன்றைக்கு ஒரு தப்பும் இல்லை.

ஜெயபாண்டிக்கு அனுப்பினாள். ஒற்றைச் சாம்பல் டிக் விழுந்தது. வேட்டியைக்கூடக் களையாமல் உடனே இன்னொரு நம்பரைப் போட்டாள்.

"சார், பவதாரிணி பேசுறேன். ஜூன்ல நான் வரலை சார். என் சீட்டை வேற யாருக்காவது குடுத்துருங்க. ஆமா சார், யோசிச்சுத்தான் சொல்றேன்."

விக்ரமின் கையிலிருந்து தெர்மோகோல் நழுவியது. "என்னடி இது! அவரு இன்னும் படத்தையே பாக்கலையே!"

"நான் பாத்துட்டேங்க."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த படத்துக்கு முட்டையை உடைத்தாள்.