கிருஷ்ணாயில் தெளித்த பந்தி

ஆவி பறக்கும் சாம்பாரின் மேல் மண்ணெண்ணெய் விழுந்தால் முதலில் பெருங்காயமும் கொத்தமல்லியும்தான் மணக்கும். அடுத்த மூச்சில் அரிக்கேன் விளக்கின் வாடை அடியிலிருந்து கிளம்பி வந்து தொண்டைக்கு மேலே எங்கோ ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை தண்ணீர் குடித்தாலும் இறங்காது. எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெயைக் 'கிருஷ்ணாயில்' என்போம். விளக்குக்கும் அடுப்புக்கும் ஊற்றுவது. அதைச் சோற்றின் மேல் தெளித்ததை நான் பார்த்தது பென்னலூரை அடுத்த ஒரு மாந்தோப்பில், முழுப் பரீட்சை முடிந்த லீவில், நான் நான்காம் வகுப்பு தாண்டிய கோடையில். பிற்பாடு சினிமா, சீரியல், விளம்பரப் படம் என்று தயாரிப்பு நிர்வாகத்திலேயே என் வாழ்நாள் போய், இப்போது யாராவது கூப்பிட்டால் மட்டும் போகிற பாதி ஓய்வில் இருக்கிறேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம் சோறு போடுகிற வேலை என்று சொல்லிவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

என் அம்மா மரியம்மாளுக்குச் சினிமா என்றால் உயிர். ஸ்ரீபெரும்புதூர் 'டூரிங் கொட்டாயில்' படம் மாறினால் அந்த வாரமே போயாக வேண்டும். போய்வந்த மறுநாள் கதாநாயகியின் கொண்டை அம்மாவின் தலையில் இருக்கும். கோயில் பாட்டுக் குழுவிலேயே அம்மா சினிமா மெட்டில் இழுத்துப் பாடுவதாகப் பாதிரியார் குறைபட்டிருக்கிறார். அப்பா அரிசி மில்லில் இருந்தார். அவருக்குப் படம் ஆரம்பித்ததும் தூக்கம் வந்துவிடும். ஆகவே அம்மாவுக்குத் துணை நான்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஊருக்குள்ளேயே படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும்? வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் தெருத் தெருவாக வந்தார். அவரை 'மேனேஜர்' என்றார்கள். தோப்பில் கல்யாண விருந்து எடுக்கப்போகிறோம், பந்தியில் உட்கார ஆள் வேண்டும், நல்ல துணியாக உடுத்திக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்து என்றால் ஊர் என்ன நினைக்கும்? அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அம்மா ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கிற ஊதாப் பட்டுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள்; எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுக் கனகாம்பரம் வைத்தாள்.

காலையிலேயே போய்விட்டோம். வாழைமரம், தோரணம், மேளக்காரர்கள் எல்லாம் இருந்தன. எங்களைப் பாயில் வரிசையாக உட்கார வைத்து, வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். சரியில்லை என்று மறுபடி காட்டச் சொன்னார்கள். வெயில் ஏறியது. தகரத் தட்டிகளைச் சாய்த்து வெயிலை எங்கள் முகத்தில் அடித்தார்கள். என் இடப்பக்கம் அம்மா. வலப்பக்கம் கன்னியம்மா என்று ஒருத்தி. செங்கல் சூளையில் வேலை செய்கிறவள், அப்போது நிறைமாசம். அவள் மட்டும் அடிக்கடி திரும்பி, தோப்பின் ஓரத்தில் புகைகிற அடுப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உச்சிப் பொழுது சாய்ந்த பிறகு இலை போட்டார்கள். நிஜச் சோறு, நிஜச் சாம்பார், வடை, அவியல், பாயசம். பசியில் எனக்குக் காது அடைத்திருந்தது. யாரும் தொடக்கூடாது, சொல்லும்போது கையை வைத்தால் போதும் என்று ஒரு பையன் கத்திக்கொண்டே ஓடினான். பிள்ளைகள் அதைக் கேட்குமா? வரிசையில் அங்கங்கே வடை குறையத் தொடங்கியது. நானும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன்.

அப்போதுதான் அந்த மேனேஜர் கொசுமருந்து அடிக்கிற 'பம்பு' ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையின் மறுகோடியிலிருந்து வந்தார். மருந்து தெளிப்பவர் செடி செடியாக நடப்பதுபோல இலை இலையாக நடந்து வந்தார். என் இலை மேலும் அடித்தார். முகத்தில் பட்ட ஈரத்தை நாக்கு தானாகத் தொட்டுவிட்டது. கிருஷ்ணாயில்.

"இனிமே எவனும் வாயில வைக்க மாட்டான்" என்று அவர் காமிராப் பக்கம் திரும்பிச் சொன்னார். அங்கே சிலர் சிரித்தார்கள். எதிரே மணமக்களுக்கும் நடிகர்களுக்கும் தனியாக மேசை போட்டிருந்தது. அந்தப் பக்கம் பம்பு போகவில்லை.

நான் வாயிலிருந்த வடையைப் பாயிலேயே கக்கினேன். அம்மா என் வாயைத் துடைத்துக்கொண்டே வலப்பக்கம் பார்த்தாள், நானும் பார்த்தேன். கன்னியம்மா தன் இலையில் சோற்றின் மேல்பரப்பை மெதுவாக ஒதுக்கி, அடியில் எண்ணெய் இறங்காத பருக்கைகளை விரலால் தோண்டி எடுத்து, முகர்ந்து பார்த்து, தின்றுகொண்டிருந்தாள். யாரையும் அவள் பார்க்கவில்லை. இயக்குநர் பார்த்துவிட்டார். அந்த அம்மாவைப் பாருங்கள், எவ்வளவு இயற்கையாகச் சாப்பிடுகிறார், எல்லாரும் அப்படியே செய்யுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். காமிரா ஓட ஆரம்பித்தது.

அம்மா இலையை மடித்தாள். கல்யாணப் பந்தியில் தன் பக்கமாக மடிக்க வேண்டிய இலையை, சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தாள். மடித்துவிட்டு எழுந்து நின்றாள். ஓடிக்கொண்டிருந்த காமிரா நின்றது. அபசகுனம் என்று யாரோ கத்தினார்கள். மேனேஜர் ஓடிவந்து, நடிக்கத்தானே கூப்பிட்டோம், விருந்துக்கா கூப்பிட்டோம் என்று எகிறினார்.

அம்மா அவரிடம் குரலை உயர்த்தவில்லை. "பசிக்குதுன்னு தெரிஞ்சிக்கினே சோத்து மேல கிருஷ்ணாயில் அடிக்கிற. உன் வூட்டுப் புள்ளைங்க இலையில அடிப்பியா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரு கன்னிம்மா, வூட்ல கஞ்சி வச்சித் தரேன்" என்றாள்.

கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. "நீ போக்கா. அடியில நல்லாத்தான் கீது" என்றாள்.

வேறு யாருமே எழுந்திருக்கவில்லை. எங்கள் இடத்தில் வேறு இருவரை உட்கார வைத்து அன்று சாயங்காலமே எடுத்து முடித்துவிட்டார்கள். மிச்சத்தைத் தோப்பில் குழி வெட்டிக் கொட்டினார்கள். மறுநாள் அதைச் சுற்றி மாடுகள் நின்றன, ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. கன்னியம்மாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அம்மாதான் போய்ப் பார்த்துக்கொண்டாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த மட்டுக்கும் கடவுள் இருந்தார்.

படம் கொட்டாய்க்கு வந்தபோது ஊரே போயிற்று. அம்மா வரவில்லை. நான் அப்பாவோடு போனேன். விருந்துக் காட்சி அரை நிமிஷம்கூட இல்லை. அதில் ஒரு நொடி கன்னியம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. தலை குனிந்து அள்ளித் தின்றாள். கொட்டாய் விசிலடித்துக் கைதட்டியது. இடைவேளையில் முறுக்கு வாங்கித் தருகிறேன் என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு படமும் பார்க்கவில்லை. கொண்டையும் ஒரே கொண்டைதான்.

இவ்வளவு அருவருப்பு இருந்தும் அந்தத் தொழிலுக்கே எப்படிப் போனாய் என்று என் கணவர் சூசை கல்யாணமான புதிதில் கேட்டார். வேறொன்றுமில்லை, தட்டச்சுப் படித்திருந்தேன், வடபழனியில் ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே, "எங்க வேணா போ. சோத்துல மட்டும் வெளயாடாத" என்றாள். தட்டச்சிலிருந்து நிர்வாகத்துக்கு நகர்ந்தபோது முதல் காரியமாக, விருந்துக் காட்சி என்றால் கூட்டத்துக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் காமிரா என்று வைத்துக்கொண்டேன். வயிறு நிறைந்தவன் இலையில் கை வைக்கமாட்டான், பம்பு எதற்கு? இது யாருக்கும் தோன்றாமலா இருந்தது என்று வியந்திருக்கிறேன். பெயர் பெற்ற ஒரு இயக்குநர் அந்த வியப்பையும் தீர்த்துவைத்தார். "மேடம், தின்னுட்டு வந்தா மூஞ்சில பசி தெரியாது. எனக்குப் பசிதான் வேணும்" என்றார். காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். அந்தப் படத்திலிருந்து விலகினேன். சில படங்களில் நான் சொன்னது நடந்தது. சிலவற்றில், வாய் நீளம் என்று சொல்லி என்னையே மாற்றிவிட்டார்கள்.

சூசை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் 'லைன் சூப்பர்வைசராக' இருந்து ஓய்வு பெற்றவர். மகள் அதே சாலையில் இன்னொரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறாள். சாயங்காலமானால் நானும் அவரும் கேரம் ஆடுவோம். சிவப்புக் காயை நான் போட்டால் அவருக்கு முகம் தொங்கிவிடும். மொட்டைமாடியில் பாகற்கொடி விட்டிருக்கிறேன். இந்த வாழ்க்கையில் எனக்குக் குறையே இல்லை. ஆனாலும் போன மாதம், மூடிக்கிடக்கிற ஒரு தொழிற்சாலைக் கொட்டகையில் விளம்பரப் படம், கல்யாண விருந்து, ஊர் ஆள் நீங்கள் இருந்தால் நல்லது என்று கூப்பிட்டதும் போனேன்.

போகிற வழியில்தான் அந்த மாந்தோப்பு இருந்தது. இப்போது ஒரு மரம் இல்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கொட்டாய் இருந்த இடத்தில் லாட்ஜ். கன்னியம்மாவின் வீட்டார் எங்கே போனார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

கொட்டகையில் பந்திக்கு உட்கார்ந்திருந்தவர்கள் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள். ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கிறவர்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்களுக்கு ஒரே மாதிரி பட்டுச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். சமையல்காரர்கள் எங்கே, அடுப்பு எங்கே என்று தேடினேன். சாப்பாட்டைத் தனியாக மும்பையில் எடுத்துவிட்டார்களாம், கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வார்களாம், ஆகவே கூட்டத்துக்குச் சமையலே கிடையாது, பன்னும் டீயும்தான், அதுவும் ஷாட் முடிந்த பிறகு என்றான் என் மகள் வயதுகூட இராத தயாரிப்பாளர். இவர்களுக்கு முதலில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பட்டுச் சட்டையில் கறை படும் என்றான்.

இலை போட்டார்கள். அதுவும் பிளாஸ்டிக் இலை. அள்ளிச் சாப்பிடுங்கள் என்று மைக்கில் குரல் வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கையை இலைக்கு மேலே நிறுத்தியபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, வெறும் எலைல என்னத்தம்மா பெசைய?"

கேலியாகக் கேட்கவில்லை, செய்து காட்டச் சொல்லித்தான் கேட்டான். பிறகு அவனே பக்கத்திலிருந்தவன் செய்வதைப் பார்த்து, இல்லாத சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்து மென்று, விழுங்கினான். தொண்டை ஏறி இறங்கியது.