அத்தை கவலைப்படாமல் இருந்த வருஷம்

அப்பாவின் தங்கைக்கு எங்கள் குடும்பத்தில் மைக் அத்தை என்று பெயர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. பள்ளி விடுமுறைக்கு நான் போய் இறங்கியதுமே தலைக்கு மேலிருந்து அத்தையின் குரல் கேட்கும். அத்தனை பேருக்கும் கேட்கிற குரல் எனக்கு மட்டுமே சொந்தம் என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

அறிவிப்பு அறை நடைமேடையின் கோடியில் இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்கத்தான் இடம். மேஜைமேல் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெந்நீர். தொண்டை கட்டிக்கொண்டுவிடுமோ என்று கவலை. அத்தைக்குக் கவலைக்கா பஞ்சம்? பஸ் நிறுத்தம் வரை போய், “கேஸை மூடினேனா?” என்பாள்.

“மூடிட்ட. நான் பார்த்தேன்” என்பார் மாமா.

“நீங்க பார்த்தா ஆச்சா?” என்று திரும்பி நடப்பாள்.

மாமா, ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செம்புக்கம்பிக் காயில் கட்டித் தருகிற சின்னக் கடை வைத்திருந்தார். “இவ சொன்னா ரயிலே வந்து நிக்குது. நான் சொன்னா ஒரு ஃபேன்கூட சுத்த மாட்டேங்குது” என்பார். அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து, வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள். அந்தக் கவலைகளும் சேர்ந்ததுதான் எங்கள் அத்தை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அத்தை ஒருநாள் நடைமேடை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டாள். உடனே திருத்தியும் சொன்னாள். சில பேர் பெட்டியோடு வீணாகப் படியேறி இறங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் மைக்கைத் தொட்டதும் நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

“ஒண்ணுமில்லைன்னா, அப்ப நான் நடிக்கிறேனா?” என்று மாமாவிடம் அழுதாளாம்.

பிறகு ஒவ்வொன்றாக விட்டாள். மைக்கை விட்டு, அலுவலகத்துக்குள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கேயும் படபடப்பு வந்தது. நீண்ட விடுப்பு போட்டாள். பஸ் ஏறுவதை விட்டாள், கடைத்தெருவை விட்டாள், பக்கத்து வீட்டு டீச்சரோடு மாலையில் நடக்கப் போவதையும் விட்டாள். சமையலறையும் ஜன்னலோரக் கட்டிலும் மிஞ்சின. அப்புறம் கவலைப்படுவதையும் விட்டுவிட்டாள்.

எங்களுக்கு அது நல்லதாகத்தான் பட்டது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இப்பதான் அவ நிம்மதியா இருக்கா. முன்ன மாதிரி தொணதொணப்பு இல்லை” என்றார்.

மாமாவுக்குத்தான் உறைத்தது. ஒருநாள் அடைமழை. பஸ் ஓடவில்லை. தெருவெல்லாம் தண்ணீரில் நடந்து, தொப்பலாக நனைந்து, ரொம்பத் தாமதமாக வீடு வந்தார். கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஈரத்தோட நின்னேன்டா” என்று மாமா பிற்பாடு என்னிடம் சொன்னார். “திட்டுவா, திட்டுவான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். ஒரு வார்த்தை வரல. சாப்பிட்டியான்னு நான் கேட்டேன், தெரியலைங்கன்னா.”

மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “எதை முதல்ல விட்டீங்க?” அத்தை யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீச்சரோடு நடப்பதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராத அழுகை.

“பயம் போயிடுச்சுன்னுல்ல நினைச்சோம்” என்றார் மாமா.

“போகலைங்க. பயந்து பயந்தே களைச்சுப் போயிட்டாங்க. பயத்துக்காக ஒவ்வொண்ணா விட்டதுல, மனசுக்குப் பிடிச்சதும் சேர்ந்து போயிடுச்சு. பதற்ற நோயும் மனச்சோர்வும் நிறைய பேருக்கு ஒண்ணாத்தான் வரும். ஒண்ணு இன்னொண்ணை இழுத்துக்கிட்டு வரும். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.”

“அப்ப நான் நடிக்கலைல்ல டாக்டர்?”

“இல்லவே இல்லம்மா.”

மாத்திரை, வாராவாரம் பேச்சு, அதோடு வீட்டுப்பாடம். முதலில் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை. பிறகு பஸ்ஸில் ஒரு நிறுத்தம். சில வாரம் நன்றாகப் போகும், சில வாரம் மறுபடி கட்டிலே கதி. சரியாகிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தி, திரும்பவும் படுத்து, எழுந்தாள். ஒரு சாயங்காலம் மாமா டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, “டீச்சர், லேட்டா வந்தேன்னு என்னைத் திட்டிட்டா!” என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னாராம்.

அத்தை மைக்குக்குத் திரும்பினாள். அது தெரியாமல் நான் ஒருமுறை போய் இறங்கினேன். மேலிருந்து குரல் வந்தது, பழையதைவிடச் சற்று நிதானமாக. பின்னால் வந்தவர் என்மேல் முட்டிக்கொண்டு, “வழியில நிக்காதீங்க தம்பி” என்றார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்திருந்தது.

படபடப்பு அதன்பின்னும் எப்போதாவது வரும். “வந்துட்டுப் போகட்டும்” என்று உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ரயிலில் கிளம்பினார்கள். மத்தியானம் அத்தையிடமிருந்து போன்.

“உங்க மாமா பண்ண வேலையைப் பாருடா. தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன். இறங்குற இடம் வந்தா எழுப்ப வேணாமா? மனசு வரலையாம். ஊரைத் தாண்டி எங்கயோ வந்து நிக்கிறோம்.”

பின்னால் மாமா சிரிப்பது கேட்டது.

“இப்ப என்ன பண்ணப் போறீங்க அத்தை?”

“என்ன பண்றது? அடுத்த வண்டி வரட்டும். இங்க டீ நல்லா இருக்கு.”