விட்டுப்போன பத்தரை மார்க்

அந்த உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நாலு வருஷம் அறிவியல் நடத்திய டீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் அரைமார்க் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே ஒட்டிக்கொண்ட பட்டம் அது. விடைக்குப் பக்கத்தில் அலகு எழுத மறந்தால் அரை மார்க் போகும். படத்தில் அம்புக்குறி உறுப்பைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நின்றாலும் அரை மார்க் போகும். அதே சமயம், பக்கம் முழுக்க உளறியிருந்தாலும் நடுவில் ஒரு வரி உருப்படியாக இருந்தால் அதற்கு அரை மார்க் தேடி வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் திருத்துவார். தலைமையாசிரியர் மகனுக்கும் அதே அளவு, பள்ளிக் காவலாளி மகளுக்கும் அதே அளவு.

வீட்டிலும் இந்தக் கறார் ஓயாது. கணவருக்கு மருந்துக்கடையில் வேலை. மாலையில் அவர்தான் முதலில் வீடு திரும்பிக் காபி போடுவார். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பத்துக்கு ஆறரை. சர்க்கரை கரையல" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எட்டைத் தாண்டியதே இல்லை என்று அந்த மனுஷர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார். அந்தப் புலம்பலில் பாதி பெருமை.

ஆய்வகம் என்று பலகை மாட்டிய அறையில் நாலு பர்னர் இருந்தன, இரண்டுதான் எரியும். கரும்பலகையில் படம் போட்டுப் பாடத்தை முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிற ஆள் இல்லை டீச்சர். கணவரின் கடையிலிருந்து காலி பாட்டில்களைப் பை நிறைய சுமந்து வருவார். நாற்பது பேரும் தங்கள் கையால் ஒருமுறை செய்து பார்க்காமல் அடுத்த பாடத்துக்கு நகரமாட்டார். அதனால் வருஷக் கடைசியில் பாடம் பாக்கி நிற்கும், சனிக்கிழமையும் வரச்சொல்வார். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த பிரிவு விழாவில் பேசியவர்கள் இதையெல்லாம் வாய் ஓயாமல் சொன்னார்கள். திருத்துவதில் ஒரு தப்புகூடச் செய்யாதவர் என்று ஒருவர் உணர்ச்சிவசப்பட்டார். அவர் அந்தப் பள்ளிக்குப் புதுசு, பாவம். ஒரு தப்பு உண்டு. சின்னதும் இல்லை.

டீச்சருடைய இருபத்து மூன்றாவது வருஷம் அது. கோடை விடுமுறை முடிகிற வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத்தேர்வு விடைத்தாள் கட்டைப் பழைய தாள் அறைக்கு அனுப்புவதற்காகப் பிரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாம் எண் தாளுக்குள்ளிருந்து ஒரு காகிதம் நழுவி விழுந்தது. நூல் போட்டுக் கட்டுகிற கூடுதல் தாள். நூல் அவிழ்ந்திருந்தது. மேலே இருந்த எண் இருபத்து மூன்று. உள்ளே இதயத்தின் படமும் இரண்டு விடைகளும் இருந்தன. சிவப்பு மையின் சுவடே இல்லை.

இருபத்து மூன்றாம் எண் தையல்காரர் மகள். அறிவியலில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. அந்த ஒரு பாடத்தால் அவள் மறுபடி ஒன்பதாம் வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு ஒட்டியாகிவிட்டது. டீச்சர் அந்தத் தாளைத் திருத்தினார். படத்தில் ஒரு அம்புக்குறி தொடவில்லை. அதற்கு அரை மார்க் குறைத்தும் பத்தரை வந்தது. மொத்தம் நாற்பத்தொன்றரை. விடைத்தாளின் முன்பக்க மூலையில், கூடுதல் தாள் எத்தனை என்ற கட்டத்தில், அந்தப் பெண் 'ஒன்று' என்று எழுதித்தான் வைத்திருந்தாள். டீச்சர் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளைகளின் அரை மார்க்கைத் துரத்திக்கொண்டிருந்தவர் பத்தரை மார்க்கை மொத்தமாகக் கோட்டைவிட்டிருந்தார்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரு மறுதேர்வு வைப்போம், தேர்ச்சி போட்டுப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவோம், மேலிடத்துக்கு விளக்கம் எழுதப்போனால் டீச்சருடைய பணிப்பதிவேட்டில் ஏறும், அடுத்த மாதம் வரவேண்டிய உதவித் தலைமையாசிரியர் பதவி கைநழுவும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாம் டீச்சர் மேல் இருந்த அக்கறைதான்.

"மறுதேர்வு எதுக்கு சார்? அவ ஃபெயில் ஆகல. நான் ஆக்கியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் விளக்கக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினார்.

தையல்கடை வீட்டின் முன்னறையில் இருந்தது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு மிஷினில் இருந்தார். மகள் தரையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். படிப்புதான் ஏறவில்லை, கைத்தொழிலாவது பழகட்டும் என்று விடுமுறை தொடங்கியதுமே உட்காரவைத்துவிட்டாராம். பள்ளிக்குத் திரும்ப அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை.

டீச்சர் தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னார். தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் டீச்சருக்குத் தேவலை என்றிருக்கும்.

"நல்லா எழுதியிருக்கேன்னு அப்பாகிட்ட சொன்னேன் டீச்சர்," என்றாள். "அரைமார்க் டீச்சர் திருத்தினா தப்பா இருக்குமான்னு அப்பா கேட்டாரு. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எழுதலையோன்னு."

தான் இருபத்து மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த நல்ல பெயர்தான் இந்தப் பெண்ணின் வாயை அடைத்திருக்கிறது என்பது அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. கொஞ்சம் கவனக்குறைவான ஆசிரியையாக இருந்திருந்தால் யாராவது வந்து கேட்டிருப்பார்கள். அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

நாளைக்கு வா என்று கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஃபெயிலானவள் என்று எல்லாருக்கும் தெரியும், இனிமேல் அங்கே வந்து எப்படி உட்காருவது என்றாள்.

"காலையில எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன். வர்றதும் வராததும் உன் இஷ்டம்மா," என்று டீச்சர் எழுந்தார்.

மறுநாள் பள்ளி திறந்தது. காலைக் கூட்டத்தில் அறுநூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டீச்சரின் கண் பத்தாம் வகுப்பு வரிசையை இரண்டு தடவை தேடியது. அவள் இல்லை. ஆனாலும் மேடை ஏறினார். யார் தாளில் என்ன தவறு செய்தார் என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இனி திருத்திய தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தாங்களே கூட்டிப் பார்க்க வேண்டும், குறைந்தால் தன்னிடம் வந்து கேட்க வேண்டும், கேட்கிறவரைத் திட்டமாட்டேன் என்றார். சக ஆசிரியர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். வெளிக் கேட்டருகே, கழுத்தில் நாடாவைக்கூடக் கழற்றாமல், தையல்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க அவள் வரவில்லை. அடுத்த நாள் முதல் மணிக்கு, புதுசாகத் தைத்த சீருடையில், பத்தாம் வகுப்பு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

உதவித் தலைமையாசிரியர் பதவி தமிழாசிரியருக்குப் போனது. டீச்சர்தான் முதலில் போய் வாழ்த்துச் சொன்னார். வருத்தம் இல்லாமல் இல்லை. பதினோரு வருஷம் கழித்து ஓய்வு பெறும்வரை வெறும் ஆசிரியையாகவே இருந்தார். அதைவிட அவரை அரித்தது வேறொன்று. அந்த வருஷம் மாதத் தேர்வுத் தாள்களைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் என்பார், ஒரு வாய் திறக்காது. மேடையில் அவ்வளவு பேசியும் பழைய பயம் போகவில்லை. தையல்காரர் மகளும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

மூன்றாவது மாதத் தேர்வுத் தாளைக் கொடுத்த அன்று பிற்பகல், அந்தப் பெண் எழுந்து நின்றாள். நடந்து மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், நாலாவது கேள்விக்கு அலகு எழுதியிருக்கேன். நீங்க அரை மார்க் குறைச்சிருக்கீங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வரி முடிந்து இடம் போதாமல், அலகு அடுத்த வரியின் ஓரத்தில் பொடியாக நின்றிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து முப்பத்தெட்டை அடித்து முப்பத்தெட்டரை என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"சரிதான். என் தப்பு" என்றவர் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். "வேற யாருக்காவது?"

ஏழு கைகள் உயர்ந்தன. அதில் ஆறு பேர் கேட்டது பகல் கொள்ளை. ஆனாலும் ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிறுத்திவைத்து வரி வரியாகப் பார்த்தார். பள்ளி விடும் மணி அடித்தது அவர் காதில் விழவே இல்லை.

அன்று சாயங்காலம் கணவர் போட்ட காபிக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. சர்க்கரை கரையவில்லை.