காத்திருக்கிறாள் என்று நினைத்தார்கள்

சியா அக்காவின் வலது முழங்கால் வீங்கிப்போன விஷயம் அந்த அறுவடைச் சமயத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அதுவும் அவள் சொல்லித் தெரிந்ததல்ல. ஓடையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி அலசும்போது பார்த்துவிட்டேன். நாங்களெல்லாம் கெண்டைக்காலில் சுற்றிக்கொள்ளும் கறுப்புத் துணியை அவள் முழங்காலுக்கு மேல்வரை இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்னக்கா இது?"

"குளிருக்குடி" என்றாள். ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியாது அவளுக்கு. சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. டோங் வான் மேட்டில், பாறைக்கு நடுவே ஒரு கை மண் கிடைத்தால் அங்கே நாலு மக்காச்சோளத்தை ஊன்றிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. மோட்டார்சைக்கிள் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எதற்கும் நடைதான். காட்டுக்குப் போனாலும், தண்ணீருக்குப் போனாலும், பிறந்த வீட்டில் ஒரு சாவு என்று மூன்று மலை தாண்டிப் போனாலும் நடைதான். அக்கா முதுகுக்கூடையில் உரத்தைச் சுமந்துகொண்டு, கையில் சணலைத் திரித்தபடியே ஏறுவாள். கைக்கும் ஓய்வு கிடையாது, காலுக்கும் கிடையாது. அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் சந்தை நாளில் மட்டும்தான், அதுவும் அவள் புருஷனுக்காக.

மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மகன் கிடையாது. வீட்டில் அவளும் என் பெரியத்தான் லெங்கும் மட்டும். மகள் வீட்டோடு போய் இருந்துகொள்ளலாம் என்றால் அது வேறு குலம், வேறு சாமி. எங்கள் வழக்கத்தில் அதற்கு இடமில்லை. நடக்க முடியாதவள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அடுப்போரத்தில் ஒரு மணை போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்தவள் எழுந்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"வெளியே சொல்லிடாதடி மாய். இந்தக் கால் இன்னும் கொஞ்ச நாள் ஓடினாப் போதும். சோளம் வீட்டுக்கு வந்துடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓடைக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

பெரியத்தானைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர். கையை ஓங்கமாட்டார். கல்லுக்குள் அவர் ஏர் ஓட்டுகிற அழகை நின்று பார்க்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சந்தையில் குதிரைக்கறிக் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார். சோளச் சாராயம் கிண்ணம் கிண்ணமாக உள்ளே போகும். சந்தைக்குப் போய் நிதானமாகத் திரும்புகிற ஆணைப் பார்த்து, பாவம், இவனுக்குச் சிநேகிதர்களே இல்லை போலிருக்கிறது என்பார்கள் எங்கள் ஊரில். திரும்பும் வழியில் எங்கே கால் பின்னுகிறதோ அங்கேயே படுத்துவிடுவார்கள். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலோ தூறலோ, அவன் முகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவளுக்கு நல்ல பெயர் உண்டு. நல்ல பெயரை வைத்து முழங்காலுக்குத் தடவவா முடியும்? என்னிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது. என் வீட்டுக்காரரை மூட்டை மாதிரி குதிரைமேல் குறுக்கே போட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அக்கா வீட்டில் குதிரை இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போதே அவள் பின்தங்கிவிட்டாள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் போ என்றேன். உப்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்றாள். மத்தியானம் நான் என் வீட்டுக்காரரைக் குதிரைமேல் போட்டுக்கொண்டு திரும்பும்போது, பாலத்துக்கு இந்தப் பக்கம் பைன் மரத்தடியில் பெரியத்தான் மல்லாந்து கிடந்தார். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பன்னி பட்டினியா கெடக்கும், நீ போ. இவரு இப்ப எழுந்துடுவாரு" என்றாள். பெரியத்தான் இப்போது எழுகிறவராகத் தெரியவில்லை. இருந்தாலும் நான் கிளம்பினேன்.

இனி நடந்தது அவளே பின்னால் சொன்னது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. குளிர் ஏறினால் முழங்கால் கட்டையாகிவிடும், அப்புறம் மேட்டுப் படிகளை ஏறவே முடியாது. சூடு இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். அவரை உலுக்கிப் பார்த்தாள், கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் புரண்டு படுத்தார். கடைசியில் குடைக்காம்பைச் சுற்றிக் கல்லை அடுக்கி, அவர் முகத்துக்கு மேலே நிற்கும்படி வைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு நடந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷனை விட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தது அன்றைக்குத்தான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளாம், திருடி மாதிரி.

மூங்கில் புதரோரம் வழி திரும்புகிற வளைவுவரை போனாள். அதற்குமேல்தான் செங்குத்துப் படிகள். முதல் படியில் காலை வைத்ததும் முழங்கால் மடங்கிவிட்டது. தட்டுத்தடுமாறி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எழ முயன்றாள். முடியவில்லை. கூடையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி முயன்றாள். அதுவும் நடக்கவில்லை.

சந்தைக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆள் இல்லாத வழியல்ல. மேல்வீட்டு ஸுங் தன் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான்.

"என்ன மதினி, இன்னிக்கும் காவலா? உங்க ராசா கீழ குடைக்குள்ள கனாக் கண்டுட்டிருக்காரு!"

"வருவாரு, வருவாரு."

"வந்தா சொல்லுங்க, கடைசிக் கிண்ணம் ஊத்தினது நான்தான்னு!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பின்னால் அவன் பெண்டாட்டி. "உன்னைப் பாத்துக் கத்துக்கச் சொல்லி என் வீட்டுக்காரரு தெனமும் பாட்டு பாடுறாரு. எங்க பொழப்பைக் கெடுக்கவே பொறந்தவடி நீ" என்று அக்காவின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு நடந்தாள். அக்காவும் சிரித்தாள்.

இப்படியே எத்தனையோ பேர். சந்தை நாளில் வழியோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கும் நின்று கேட்கத் தோன்றவில்லை. அவளாவது சொல்லியிருக்கலாம். "என்னால எந்திரிக்க முடியல" என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்ததாம். சொல்லிவிட்டால் மறுநாள் காலைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும், அடுப்போரத்து மணை தயாராகிவிடும். விழுங்கிவிட்டாள். கடைசிக் கூட்டமும் ஏறிப் போனதும் பனிமூட்டம் இறங்கியது. அப்போதுதான் அழுதேன் என்றாள்.

நான் வீட்டில் பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வீட்டுக் கூரையில் புகை இல்லை. அந்த நேரம் ஸுங் ஆட்டோடு வாசலில் போனான்.

"எங்க அக்காவைப் பாத்தியா?"

"வளைவுல உக்காந்து பெரியவருக்குக் காத்துட்டிருக்காங்க. அவரு கீழ பைன் மரத்தடியில குடைக்குள்ள சொகமாத் தூங்கறாரு."

எனக்குச் சுருக்கென்றது. புருஷன் பைன் மரத்தடியில் கிடக்கும்போது பெண்டாட்டிக்கு வளைவில் என்ன வேலை? காத்திருக்கிறவள் பக்கத்தில் அல்லவா இருப்பாள்! என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, குறட்டை வாசல்வரை கேட்டது. குதிரையை அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் பெரியத்தான் விழித்து, ஆளைக் காணாமல் பதறி, குடையை மடக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வளைவுக்கு வந்துவிட்டிருந்தார்.

"என்னை விட்டுட்டு வந்துட்டியே, பயந்தே போயிட்டேன். எந்திரி, போலாம்" என்றாராம்.

"எனக்கு முடியல."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. "சரி, களைப்பாறு. நான் காத்திருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து, அவளுடைய நல்ல காலின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். நான் கண்ட காட்சி அதுதான். ஒரு கால் வீங்கிக் கிடக்கிறது, இன்னொரு காலில் புருஷன் கிடக்கிறார், அவள் உதடு நீலம் பாரித்துப்போய் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். குடை அவள் கையில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குதிரையைக் கல்லோரம் ஒட்டி நிறுத்தினேன். "வாக்கா" என்று கையை நீட்டினேன். அவள் குதிரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இவரை ஏத்துடி. நான் மெதுவா நடந்து வந்துடறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எதை வெச்சுடி நடப்ப? சொல்லு, எதை வெச்சு நடப்ப?" மூத்தவள் என்றுகூடப் பார்க்காமல் டி போட்டுக் கத்திவிட்டேன். கத்திக்கொண்டே குனிந்து அவள் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எறிந்தேன். அவள் தடுக்கக்கூட இல்லை. கணவரின் அண்ணனைத் தொடக்கூடாது எங்கள் வழக்கத்தில்; அதனால் குடையைப் பிடுங்கி அதன் முனையால் பெரியத்தானின் விலாவில் ஒரு குத்து விட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் முழங்காலைப் பார்த்தார். நீர் கோத்து, கறுத்து, பூசணி மாதிரி இருந்தது.

"இது எப்பலேர்ந்து?" என்றார்.

அக்கா பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். அவர் போதையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கூடையை எடுத்துத் தன் முதுகில் மாட்டிக்கொண்டார். அவளைக் குழந்தையைப்போல் அள்ளி எடுத்து, மூச்சு வாங்க, குதிரையின் மரச்சேணத்தின்மேல் உட்காரவைத்தார். மேலே ஊரில் எல்லா வாசலிலும் ஆள் நிற்கும், எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குதிரைமேல் ஏறியே பழக்கமில்லாத அவள் இரண்டு கையாலும் பிடரி மயிரை இறுகப் பற்றிக்கொண்டாள். கயிற்றைப் பிடித்து நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"ஏய் மாய், நில்லு நில்லு. காலை எங்கடி வெக்கறது?"