கட்டிங் மாஸ்டர் வீட்டு நீர்மூழ்கிக் கப்பல்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு ஆயுத பூஜைக்கு முதலாளி வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, அவர்கள் பையனுக்காக வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து பிரிக்காமலே கிடந்த ஒரு பெட்டியை, "வேணும்னா எடுத்துக்கங்க மாஸ்டர்" என்று இவரிடம் கொடுத்துவிட்டார்கள். வண்டியில் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெட்டியின் மேல் நீர்மூழ்கிக் கப்பலின் படம். உள்ளே கப்பல் இல்லை. நீளவாக்கில் இரண்டு பாதி உடம்பும், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களும்தான் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் நகம் அளவு, விரல் அளவு என்று ஏராளமான பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்து, கூட இருந்த இங்கிலீஷ் புத்தகத்தின் படத்தையும் நம்பரையும் பார்த்து ஒட்டி, நாமே கப்பலைச் செய்துகொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு, அப்பா வேலை செய்யும் கம்பெனியிலேயே ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். "ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் உக்காரலாங்ப்பா" என்று சொல்லியிருந்தாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள், நூல் வெட்டும் கத்தரியை எடுத்து எல்லாச் சட்டத்திலிருந்தும் எல்லாப் பாகங்களையும் வெட்டி எடுத்துவிட்டார். ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, பனியன் துணிக் கிழிசலால் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் தானே ஒரு சீட்டும் எழுதிச் செருகினார். காலிச் சட்டங்களை உடைத்துக் குப்பைக்காரரிடம் போட்டாயிற்று.

மகள் ஈரத் தலையில் துண்டோடு வந்து பார்த்தாள்.

"என்னங்ப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? சட்டம் எங்கெ?"

"அது எதுக்குக் கண்ணு? எந்தத் துணியா இருந்தாலும் மொதல்ல வெட்டிப் போடோணும். அப்பறந்தான் தைக்கறது."

"அப்பா, எந்தப் பாகத்துக்கு என்ன நம்பருன்னு அந்தச் சட்டத்துல தானுங்க இருந்துச்சு!"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கையெல்லாம் ஒரு கட்டு, காலரெல்லாம் ஒரு கட்டுன்னு கட்டி வெச்சிருக்கறாரும்மா! இந்தக் கப்பலுக்கு நாம லேபிளும் தெச்சு உட்டர்லாம்." அவரும் சிரித்தார். நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். அவர் வீட்டில் அதிகம் பேசாதவர். நானும் பேச்சுக்குக் கூச்சப்படுகிறவள். எங்கள் இருவருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

அதன்பிறகு ஒவ்வொரு பாகத்தையும் படத்தோடு வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் நாள் முழுக்க அதே வேலை. பெட்டியிலிருந்த பசை காய்ந்து போயிருந்ததால் அவள் கோயமுத்தூரிலிருந்து வேறு வாங்கி வரச் சொன்னாள். "இது கதவுப் புடியா, பீரங்கியாப்பா?" "மூக்கு மாதிரி இருக்குது கண்ணு." "உங்க மூக்கு மாதிரிங்களா?" இப்படியே போகும். தப்பாகிக்கொண்டே இருந்ததால் வேலை முடியவில்லை. முடியாமல் இருந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்: "ஏனுங்ப்பா, இந்தக் கப்பலுக்குள்ள இருக்கறவங்கெல்லாம் ஒரே ஊருக்காரங்களா இருப்பாங்களா?"

"கப்பல்ல என்ன கண்ணு ஊரு? ஊரு, சாதின்னு பாத்தா தண்ணிக்கடியில பொழைக்க முடியுமா? எல்லாரும் ஒண்ணாத்தான் திங்கோணும், ஒண்ணாத்தான் படுக்கோணும்."

அவள் கையில் இருந்த பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த தெளிவு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அடுத்த வாரமே அவரிடம் சொல்லிவிட்டாள். வீரபாண்டிப் பக்கம் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்யும் பையன். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம், எங்கள் சாதி இல்லை. அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாளும் அவளிடம் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலை டிபன் டப்பாவோடு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவளுடைய செல்போனுக்குப் போட்டால் எடுக்கவேயில்லை. பிறகு அந்த நம்பரே இல்லை என்று வந்தது.

சாவு வீட்டுக்கு வருவது போல் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். அவர் கம்பெனிக்குப் போனார், வந்தார். மகள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பீரோ மேலிருந்து அந்தக் கப்பலை இறக்கி மேசையில் வைத்துத் தனியாக உட்கார்ந்தார்.

என் நங்கையா, அவருடைய அக்கா, அன்றைக்கு வந்திருந்தார். வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டார்.

"பெத்த புள்ள ஓடிப் போயிருக்கறா, எந்தம்பி கப்பல் கட்டிட்டு உக்காந்திருக்கறான். ஏன் அம்மிணி, இதுல ஏறி அவளத் தேடப் போறானாமா?"

நான் காப்பி கலக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவர் காதில் விழுந்தது போலவே காட்டிக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் தெரியாமல், படத்தை மட்டும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒட்டினார். பல பாகங்கள் இடம் மாறிப் போயிருக்கும். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் உருவாகிக்கொண்டு வந்தது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மகள்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு, சாயம் போன ஒரு சேலை. இளைத்திருந்தாள். தெருமுனை டீக்கடை ஓரம் அந்தப் பையன் எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தான். அவள் படியேறி வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் மேசையை விட்டு நிமிரவில்லை.

"அப்பா, நாங்க இந்த ஊர உட்டுப் போறமுங்க. அவருக்கு வேற ஊர்ல வேல கெடச்சிருக்குது. சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

கப்பலின் வால் பக்கம் ஒட்ட வேண்டிய துடுப்பு போன்ற ஒரு பாகம் அவர் கையில் இருந்தது. அதை வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அது அந்தப் பக்கம் இல்லீங்க. இந்தப் பக்கமுங்க."

அவர் கை நின்றுவிட்டது. பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரல் அது. இப்போது நிமிர்ந்துவிடுவார், ஒரு வார்த்தை கேட்டுவிடுவார் என்று நான் நின்றேன். அவர் பசையைத் தொட்டு, அந்தப் பாகத்தை முன்பு வைத்திருந்த அதே பக்கத்தில் ஒட்டினார். ஒட்டியதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பசை பிடிக்கக் கொஞ்ச நேரமாகும். அவ்வளவு நேரமும் அவள் நின்றாள்.

"வர்றேம்மா" என்றாள். அவரிடம் சொல்லவில்லை.

கேட் வரைக்கும் போனேன். என் கையைப் பிடித்தாள், விட்டாள். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும்.

மறுநாள் அவர் கம்பெனிக்குக் கிளம்பவில்லை. காலையிலேயே அந்தத் துடுப்பைக் கத்தரி முனையால் நெம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்துப் பிடித்துக்கொள்ளும் என்று மகள் முன்பே சொல்லியிருக்கிறாள். துடுப்பு வந்தது, கப்பலின் உடம்பிலும் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு. அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். அந்தப் பையன் வேலை செய்த யூனிட்டுக்கும், அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கும் போயிருக்கிறார். வீடு காலியாக இருந்ததாம். யாருக்கும் விவரம் தெரியவில்லையாம்.

"எந்த ஊருன்னு உங்கிட்டயாச்சும் சொன்னாளா?"

"இல்லீங்க."

"நீ கேக்கலயா?"

"நீங்க கேப்பீங்கன்னு நின்னனுங்க."

அவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு போடட்டுமா என்று கேட்க வந்தவள், கேட்காமல் நின்றேன்.